பள்ளத்தூர் இசைத்தட்டு: ஒரு கேட்லாக் தேடலின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு. இருக்கும் இடம் பள்ளத்தூரில் ஒரு நகரத்தார் வீடு. கேள்வி இரண்டு. இதில் பாடுபவர் அல்லது வாசிப்பவர் யார்? விரிசல் இல்லாத இன்னொரு பிரதி எங்காவது இருந்தால் அதைக் கேட்க வழி உண்டா?

விடை கிடைத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்த வழியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இப்படிப் பெட்டிகள் நிறைய உண்டு. வீட்டைப் பிரிக்கும்போதோ விற்கும்போதோ இரண்டாம் கட்டு அறைகளிலிருந்து அவை வெளியே வருகின்றன. அப்புறம் ஃபோனில் படம் பிடித்து எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நெட்டுல போட்டுப் பாத்தோம், ஒண்ணும் வரல." ஏன் வரவில்லை என்பதற்கு இந்த ஒரு தட்டு நல்ல உதாரணம். குடும்பத்தின் பெயரையும் கலைஞரின் பெயரையும் விட்டிருக்கிறேன். கலைஞரின் வழியில் வந்தவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிய பிறகு எழுதலாம்.

தட்டும் உறையும்

பத்து அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். விளிம்பிலிருந்து லேபிள் வரைக்கும் மயிரிழை விரிசல். கிராமஃபோன் ஊசியின் எடைக்கு அது தாங்காது. போட்டுப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்து லேபிளை ராமபாணப் பூச்சி முழுக்கத் தின்றுவிட்டது. மறுபக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே ஹெச்.எம்.வி. நாயின் பின்பாதி. அதற்குக் கீழே கலைஞர் பெயர் இருக்கவேண்டிய வரியில் யு, டி, ஐ என்று மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகள். அந்த 'டி' டெல்லியின் முதல் எழுத்து. அதற்கும் கீழே 'பார்ட் 2'. வலது ஓரத்தில் தட்டின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள். அவ்வளவுதான்.

தட்டு இருந்த காகித உறையில் ஒரு கடையின் ரப்பர் முத்திரை. கடைப் பெயர் அழிந்துவிட்டது. 'காரைக்குடி' மட்டும் தெளிவாக இருந்தது.

வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டிய ஆச்சி. அவருக்குச் சந்தேகமே இல்லை. "அப்பச்சி இதக் காரக்குடி பிளேட்டுன்னுதான் சொல்லுவாக, தம்பி. வீணை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாசிச்சது." அவர் சொன்னது காரைக்குடி சகோதரர்களை. சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல மடியில் கிடத்தி வாசிப்பார். சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. அந்த முதல் வரிசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் இருந்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெயர்கள், ஒரே ஆண்டில். இந்த மண்ணுக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை தேடலைக் கொஞ்சம் வளைக்கவும் செய்யும்.

மூன்று எழுத்து, உறை, ஆச்சியின் நினைவு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின. அதனால் குடும்பத்தார் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் உறையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய வீடுகளில் தட்டுகளும் உறைகளும் எத்தனையோ முறை இடம் மாறியிருக்கும். அப்படி மாறாவிட்டாலும் உறை சொல்வது விற்ற கடையை. காரைக்குடியில் கிராமஃபோன் தட்டு விற்ற கடைகள் இருந்தன. ஏ.வி. மெய்யப்பன் பிறந்ததே அப்படிக் கடை வைத்திருந்த காரைக்குடிக் குடும்பத்தில்தான். பிறகு அவர் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கித் தட்டுகளைத் தானே வெளியிட்டார். படம் எடுக்கப் போனது அதற்கும் பிறகு. ஆக, 'காரைக்குடி பிளேட்டு' என்றால் காரைக்குடியில் வாங்கிய பிளேட்டாகவும் இருக்கலாம். இதை அப்போதே ஆச்சியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒற்றைப் பெட்டியில் தேடினால்

தேடலுக்கு அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இசை நூலகக் கேட்லாக்கை முதலில் எடுத்தேன். தென்னாசியத் தட்டுகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்திருக்கும் இடம் அது. எல்லா நூலகமும் அப்படிச் செய்வதில்லை. பல இடங்களில் ஒரு சேகரிப்பாளர் கொடுத்த நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பதிவுதான் இருக்கும்: 'தென்னிந்திய இசைத்தட்டுகள், இத்தனை பெட்டி'. உள்ளே என்ன இருக்கிறது என்று தனியாக ஒரு பட்டியல், பெரும்பாலும் பி.டி.எஃப். வடிவில், வேறெங்கோ கிடக்கும். கேட்லாக்கின் தேடல் பெட்டி அந்தப் பட்டியலுக்குள் போகாது. 'வரவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

முகப்பில் இருக்கும் ஒற்றைப் பெட்டியில் காரைக்குடி, வீணை என்று ஆங்கிலத்தில் போட்டேன். வந்தவற்றில் செட்டிநாட்டுச் சமையல் புத்தகங்கள் இருந்தன, கோயில் வரலாறுகள் இருந்தன, வீட்டுக் கட்டடக்கலை பற்றிய படப் புத்தகங்கள் இருந்தன. இசை என்று பார்த்தால் பெரும்பாலும் மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் கேசட்டும் சி.டி.யும். அந்தப் பெட்டி எல்லாப் புலங்களிலும் ஒரே நேரத்தில் தேடும். பதிப்பித்த ஊர், பொருள் தலைப்பு (எதைப் பற்றியது என்று சொல்லும் சொல்), குறிப்பு, ஆசிரியர் பெயர் என்று எங்கே 'காரைக்குடி' இருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இதைச் சரிசெய்ய 'வடிவம்' ஃபில்டர் உண்டு. அதற்குப் பின்னால் நடப்பது எளிது. நூலகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பதிவு முறையில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் பொருளின் வகையைச் சொல்லும் ஓர் எழுத்து இருக்கும். அச்சிட்ட இசைக்குறியீட்டுக்கு 'சி', கையெழுத்துப் படிக்கு 'டி', பேச்சு ஒலிப்பதிவுக்கு 'ஐ', இசை ஒலிப்பதிவுக்கு 'ஜே'. ஃபில்டர் படிப்பது அந்த எழுத்தைத்தான். ஜே-யை மட்டும் வைத்துக்கொண்டதும் சமையல் புத்தகங்கள் போயின. ஆனால் மிஞ்சியதில் வீணைத் தட்டுகள் குறைவு. நாம் வீணை என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'இ' எழுத்தை இரண்டு முறை போடுகிறோம். பொருள் தலைப்புகளில் அது ஒற்றை 'ஐ' போட்ட 'வினா' மாதிரி எழுதப்படுகிறது. அந்த எழுத்துக்கூட்டில் தேடியபோது இன்னும் சில வந்தன. நம் எண்ணோடு எதுவும் ஒத்துப்போகவில்லை.

குடி என்றால் எத்தனை குடி

மூன்று எழுத்தை வைத்து என்ன செய்யலாம்? கேட்லாக்கில் ஒரு சொல்லின் முன்பாதி தெரிந்தால் உடுக்குறி (*) போட்டுத் தேடலாம். மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். பின்பாதி மட்டும் தெரிந்தால் பெரும்பாலான கேட்லாக்குகள் கைவிரித்துவிடும். சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கிவைத்திருப்பதால் வாலைப் பிடித்துத் தேட அவற்றுக்கு வழியில்லை. பூச்சி தின்னாமல் விட்டது வாலை.

எனவே குடியில் முடியும் ஊர்களை நாங்களே எழுதிப் பார்த்தோம். காரைக்குடி, அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி, மன்னார்குடி, ஆலங்குடி. கர்நாடக இசையில் ஊர்ப் பெயர்தான் ஆளின் பெயர். ஐயங்கார் என்று யாரும் சொல்வதில்லை, அரியக்குடி என்பார்கள். ஸ்ரீனிவாச ஐயர் என்றால் எந்த ஸ்ரீனிவாச ஐயர் என்று கேட்பார்கள், செம்மங்குடி என்றால் கேட்கமாட்டார்கள்.

கேட்லாக் இதற்கு நேர் எதிராகப் போகிறது. தென்னிந்தியப் பெயர்களுக்கு நூலக விதி என்னவென்றால், இயற்பெயர் முதலில், ஊரும் முதலெழுத்தும் காற்புள்ளிக்குப் பின்னால். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அங்கே 'ராமானுஜ ஐயங்கார், அரியக்குடி'. பெயர் வரிசையைப் புரட்டிப் பார்க்கும் வசதியில் 'அ' பக்கம் போனால் அவர் இருக்கமாட்டார். 'ரா' பக்கம் இருப்பார். அவருடைய ஊர்ப் பெயரை மட்டும் தெரிந்தவருக்கு அந்த வசதியால் பிரயோஜனம் இல்லை. நல்ல கேட்லாக்காக இருந்தால் 'அரியக்குடி' என்று தேடினாலும் 'இதைப் பார்க்க' என்று சரியான தலைப்புக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்புவதற்கென்றே பெயர் ஆதாரக் கோப்பு என்று ஒன்று பின்னால் இருக்கிறது. ஒருவரின் மாற்றுப் பெயர்களை எல்லாம் ஓரிடத்தில் கட்டிவைப்பது அதன் வேலை. புகழ் பெற்றவர்களுக்கு அந்தக் கட்டு பெரிதாக இருக்கும். இரண்டு தட்டோடு நின்றுபோன ஒரு வித்வானுக்கு மாற்றுப் பெயர் ஒன்றுகூட இருக்காது.

அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டு. அமெரிக்க நூலகங்கள் தமிழை லத்தீன் எழுத்தில் மாற்ற ஒரு நிலையான அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு லத்தீன் எழுத்து ஒன்று. ஒலிப்பு எப்படி இருந்தாலும் மாறாது. 'ட' வந்தால் டெல்லியின் முதல் எழுத்து வராது, டோக்கியோவின் முதல் எழுத்து கீழே புள்ளியோடு வரும். 'க' எங்கே வந்தாலும் 'கே'. 'ஜி' வரவே வராது. 'ச' என்றால் எப்போதும் 'சி'. ஆக லால்குடி, மன்னார்குடி என்று நாம் ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதுகிற குடிகளும், காரைக்குடி, அரியக்குடி என்று 'கே' போட்டு எழுதுகிற குடிகளும் அங்கே ஒரே 'குட்டி' மாதிரி நிற்கும். சங்கீதம் என்று எஸ் போட்டுத் தேடுகிறவருக்குத் தமிழ்த் தலைப்புள்ள பாதிப் புத்தகங்கள் வராது. தலைப்புப் பக்கத்தில் 'ச' இருந்தால் சி, கிரந்த 'ஸ' இருந்தால் எஸ். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியைத் தேடிப் பாருங்கள். தெலுங்குப் பதிப்பு ஓர் எழுத்துக்கூட்டில் இருக்கும், தமிழ்ப் பதிப்பு வேறொன்றில் இருக்கும், அதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் மூன்றாவது விதத்தில் இருக்கும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, பதிவில் தமிழ் எழுத்திலேயே ஒரு வரி சேர்ப்பது. மார்க் முறையில் அதற்கு 880 என்று தனிப் புலமே உண்டு. புத்தகங்களுக்குப் பலர் சேர்க்கிறார்கள். பழைய தட்டுகளுக்குச் சேர்த்திருப்பதைப் பார்ப்பது அரிது. இது எனக்கு ஆறாத குறை.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தட்டின் லேபிள் ஆங்கிலத்தில் இருந்தால் கேட்லாக் செய்பவர் தலைப்பு வரியில் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து எழுதுவார். கலைஞரின் பெயர்த் தலைப்பை மட்டும் அட்டவணைப்படி மாற்றுவார். ஒரே பதிவுக்குள் ஒரே ஊர் இரண்டு எழுத்துக்கூட்டில் இருக்கும். ஒரு வகையில் நல்லதுதான். எதில் தேடினாலும் மாட்டும். ஆனால் தேடும் புலத்தைப் 'பெயர்' என்று குறுக்கிக்கொண்டால் லேபிள் எழுத்துக்கூட்டு கணக்கில் வராது. அதனால் குடி ஊர்கள் ஒவ்வொன்றையும் கே, ஜி என்று இரண்டு விதமாகவும், புள்ளி எழுத்து விதமாகவும், புலம் குறுக்காமல், ஜே ஃபில்டரோடு தேடினோம். ஆச்சியின் மகன் பொறுமையாக உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அரியக்குடி நிறைய வந்தார், செம்மங்குடி வந்தார், லால்குடி ஜெயராமன் எல்.பி.யும் சி.டி.யுமாக வந்தார். கடைசி மூன்று இலக்கம் எதிலும் பொருந்தவில்லை.

விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும்

பெயர் வழி அடைபட்டபோது எண்ணுக்கு வந்தோம். முதலிலேயே எண்ணுக்குப் போகவேண்டும் என்பதுதான் இசை நூலகத்தில் பழகியவர்களின் வழக்கம். எங்களுக்கு முழு எண் இல்லாததால் தள்ளிப்போட்டிருந்தோம்.

ஒரு 78 தட்டுக்கு இரண்டு வகை எண் உண்டு. லேபிளில் அச்சிட்டிருப்பது வெளியீட்டு எண். கடையில் கேட்டு வாங்குவதற்கானது. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. இன்னொன்று அச்சு வார்ப்பு எண், ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் என்பார்கள். ஒலிப்பதிவு செய்த ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. பக்கம் ஒன்றுக்கு ஓர் எண், பக்கம் இரண்டுக்கு வேறு எண். இது தட்டின் உடலிலேயே பதிந்திருக்கும். லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்திலோ, சில சமயம் லேபிள் காகிதத்துக்கு அடியிலோ. காகிதத்தைத் தின்ற பூச்சியால் அரக்கைத் தின்ன முடியாது.

தட்டைப் பட்டாலையில் மேசை மேல் ஒரு பருத்தித் துணி விரித்து வைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். ஃபோன் டார்ச்சை மேலிருந்து காட்டினால் கறுப்புதான் தெரிந்தது. டார்ச்சை மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் தட்டின் மேல் தவழ்கிற மாதிரி பிடித்ததும், லேபிள் இருந்த இடத்தின் கீழ்ப்பகுதியில் எழுத்தும் எண்ணும் நிழலோடு எழும்பின. புடைத்த எழுத்துகள். ஓர் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று வாதம் வந்தது. டார்ச்சை மறுபக்கத்திலிருந்து பிடித்ததும் எட்டின் இடது வளைவு நிழல் விட்டது. தட்டின் மறுபக்கத்திலும் அப்படியே செய்தோம். அடுத்த எண், ஒன்று மட்டும் கூடுதல். ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் பதிவான இரண்டு பக்கங்கள், அதாவது பகுதி 1, பகுதி 2. இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டோம். பென்சில் தேய்த்தோ, மாவு தூவியோ பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தட்டின் பள்ளங்களில் அது போய் உட்கார்ந்துவிடும், செய்ய வேண்டாம்.

மார்க் பதிவில் 028 என்ற புலம் இந்த எண்களுக்கானது. வெளியீட்டு எண்ணா, வார்ப்பு எண்ணா, அச்சு இசைப் புத்தகங்களின் பக்க அடியில் இருக்கும் தகட்டு எண்ணா என்பதை அந்தப் புலத்தின் முதல் குறி சொல்லும். இசை நூலகர்களுக்கு இது புத்தகக்காரர்களின் ஐ.எஸ்.பி.என். மாதிரி. ஆனால் கேட்லாக்கின் ஒற்றைப் பெட்டி பல இடங்களில் 028-ஐத் தொடவே தொடாது. மேம்பட்ட தேடலுக்குள் போய், கீழ்விரி பட்டியலில் 'வெளியீட்டாளர் எண்' என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பெரும்பாலானோர் அங்கே வரைக்கும் உருட்டிப் பார்ப்பதே இல்லை.

எண்ணை எழுத்து, இடைவெளி, இலக்கம் என்று போட்டோம். ஒன்றும் இல்லை. இடைவெளியை எடுத்துவிட்டு ஒட்டிப் போட்டோம்.

ஒரே ஒரு பதிவு வந்தது.

பதிவைப் படிப்பது

முதல் வரியைப் பார்த்துவிட்டு ஆச்சியின் மகன் "வீணை இல்லியே" என்றார். நாகஸ்வரம். ஆங்கிலத்தில் இதற்கும் எழுத்துக்கூட்டு ஒன்றல்ல: நாதஸ்வரம் என்று பாதிப்பேர், நாகஸ்வரம் என்று பாதிப்பேர், வீட்டில் பேசும்போது நாயனம். பொருள் தலைப்பில் நாகஸ்வரம். லேபிளில் இன்னும் வேறு விதம். வித்வானின் ஊர் குடியில்தான் முடிந்தது, ஆனால் எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு குடி. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். ராகம் காம்போதி, இரண்டு பக்கமும் ஆலாபனை.

அக்காலத்தில் இது புதிதில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு பெற்ற புகழ் எல்லாரும் அறிந்தது. நாயனக்காரரிடம் மூன்று மூன்று நிமிடமாக ராகத்தை வாசிக்கச் சொல்லித் தட்டுப் போட்டால் விற்கும் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. செட்டிநாட்டுக் கல்யாணங்களுக்கு வித்வான்களை வரவழைத்துப் பல நாள் வாசிக்கச் சொன்ன வீடுகள் அந்தத் தட்டுகளை வாங்காமல் இருக்குமா? யோசித்திருந்தால் வீணைக்கு முன்னால் நாயனம்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டிய ஊர் இது.

பதிவில் கவனிக்கவேண்டிய இடங்கள் சில இருந்தன. ஆண்டு இடத்தில் பகர அடைப்புக்குள் '1930-க்கும் 1939-க்கும் இடையில்' என்று போட்டுக் கேள்விக்குறியும் வைத்திருந்தார்கள். அடைப்பு என்றால் தட்டில் அந்தத் தகவல் இல்லை, கேட்லாக் செய்தவர் வேறு வழியில் அறிந்தது. கேள்விக்குறி என்றால் அதிலும் அவருக்கு உறுதி இல்லை. இதை அப்படியே '1930' என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். கலைஞர்கள் குறிப்பில் நாகஸ்வரமும் தவிலும் இருந்தன. தவில்காரர் பெயர் இல்லை. இது வழக்கமான அநியாயம், லேபிளில் இல்லாததை கேட்லாக்கில் எதிர்பார்க்க முடியாது. பதிவான இடம், தேதிக்கான புலம் காலி. ராகப் பெயருக்கு என்று தனிப் புலம் கிடையாது. ஆலாபனை என்பதால் ராகமே தலைப்பாக அமைந்துவிட்டது, அதனால் தெரிந்தது. ஒரு கீர்த்தனையாக இருந்திருந்தால் ராகம் உள்ளடக்கக் குறிப்பின் நடுவில் எங்கோ கிடந்திருக்கும். காம்போதியையும் அவர்கள் லேபிளில் இருந்தபடி எழுதியிருந்தார்கள். அது நான் இதுவரை பார்த்திராத எழுத்துக்கூட்டு. அந்த ராகத்தை ஆங்கிலத்தில் தேடியிருந்தால் இந்தத் தட்டு ஒருநாளும் வந்திருக்காது.

மேற்கத்திய இசைக்கு இந்த அமைப்பு அருமையாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சிம்ஃபொனிக்கு எத்தனை மொழியில் எத்தனை தலைப்பு இருந்தாலும், இசையமைப்பாளர் பெயர், வகை, வரிசை எண், ஓபஸ் எண், சுருதி என்று ஒரு சீரான தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுவார்கள். படைப்பு என்பது எழுதிவைத்த ஒன்று, அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்ற எண்ணத்தில் கட்டியது. காம்போதி ஆலாபனைக்கு யார் சொந்தக்காரர்? அங்கே கேட்லாக்குக்கு மிஞ்சுவது பொருள் மட்டும்: தட்டு, லேபிள், எண். நம் ஆட்கள் நினைவில் வைத்திருப்பது ராகத்தையும் பல்லவி வரியையும். அதைப் போட்டுத் தேடுகிறார்கள். கேட்லாக் அறிந்ததோ அரக்கில் புடைத்த எழுத்தை. தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் கணினி முன் உட்காருவதில் பலன் இல்லை என்பது இந்த ஆய்வில் நான் கண்டது.

கேட்பதற்கு வழி

இரண்டாவது கேள்வி பாக்கி. அந்த நூலகத்தின் 'நூலகரைக் கேளுங்கள்' முகவரிக்கு எழுதினோம். பதில் சீக்கிரம் வந்தது. தட்டு நல்ல நிலையில் இருக்கிறது, பாதுகாப்புக்காக டிஜிட்டல் நகலும் எடுத்திருக்கிறார்கள், ஆனால் வெளியே அனுப்ப இயலாது. நேரில் வந்தால் கேட்கலாம்.

ஏன் அனுப்ப இயலாது என்று குடும்பத்தாருக்குக் கோபம். சட்டம் அப்படி. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1930-களின் தட்டு இங்கே எப்போதோ விடுபட்டுவிட்டது. அமெரிக்காவில் 2018-இல் வந்த இசைச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுகள். அதே தட்டு அங்கே 2030-களில்தான் விடுபடும். பள்ளத்தூரில் பொதுச்சொத்து, அங்கே பூட்டு. அந்த நூலகர் இதைப் பொறுமையாக விளக்கி எழுதியிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கேயே ஏதாவது பிரதி கிடைக்குமா என்று பார்த்தோம். ஆச்சிதான் கேட்டார்: "கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டுல இல்லாததா? அதெல்லாம் மெட்ராஸ் போயிருச்சே, அங்க கேளுங்களேன்." சரியான கேள்வி. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் அச்சுகளை அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை ஊரைவிட்டு வெகுதூரம் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். நாயனத் தட்டுக்கு இல்லாவிட்டாலும், பெட்டியில் தட்டுகளோடு இருந்த பாட்டுப் புத்தகங்களையும் கம்பெனி விலைப்பட்டியல் துண்டுகளையும் ஒப்பிட அந்த நூலகத்தின் கேட்லாக் வசதியானது. அதில் தமிழ் எழுத்திலேயே தேடலாம். இந்த வட்டாரத்துக்காரர்கள் முதலில் போகவேண்டிய இடம் அது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக் கேட்லாக்கும் ஒரு காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அது முடங்கியதிலிருந்து, எந்தக் கேட்லாக்கில் எது கிடைத்தாலும் பதிவை முழுசாக நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஆச்சியின் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அந்தப் பல்கலைக்கழகம் காரில் போய்வரும் தூரம். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போனார். ஹெட்ஃபோனில் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வெளியே வந்து பள்ளத்தூருக்கு ஃபோன் செய்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நாயனந்தான் ஆயா. தவுல் பின்னாடி லேசாக் கேக்குது. ரெண்டாவது பக்கம் முடியறப்ப சட்டுனு நிறுத்துறாக."

"நேரம் ஆகிப்போயிருக்கும்" என்றார் ஆச்சி. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க கல்யாணத்துல வாசிச்சவுகளும் அந்தப் பக்கத்து ஆளுகதான். அப்பச்சிக்கு வீணையெல்லாம் கேக்கப் பொறும ஏது?" என்றார். காரைக்குடி பிளேட்டு என்று அதுவரை அடித்துச் சொன்னவர், அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

பெட்டியின் மற்ற தட்டுகள்

இப்போது அந்தப் பெட்டியை முழுக்கப் பதிவுசெய்கிறோம். ஆச்சியின் மகன் எக்செல் கோப்பு ஒன்று திறந்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு வரிசை, தட்டுக்கு ஒரு வரிசை இல்லை; வார்ப்பு எண் பக்கத்துக்குப் பக்கம் மாறும் என்பதால். லேபிளில் இருப்பது எழுத்துப் பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில், நாம் தமிழில் எழுதும் சரியான பெயர் பக்கத்துக் கட்டத்தில். உறைக்குத் தனிக் கட்டம், அதைத் தட்டோடு சேர்த்து எண்ணுவதில்லை. படத்துக்கு இரண்டு: நேர் வெளிச்சத்தில் ஒன்று, சாய் வெளிச்சத்தில் ஒன்று. ராகம் என்று ஒரு கட்டம் வைக்கவேண்டும் என்று ஆச்சி சொன்னார், வைத்தாகிவிட்டது.

அமெரிக்க நூலகருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். அந்தப் பதிவில் வித்வானின் பெயரையும் ஊரையும் தமிழ் எழுத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டு, எழுத்துக்கூட்டையும் கொடுத்திருக்கிறோம். தவில்காரர் யார் என்பதை அந்த ஊரில் விசாரிக்க வேண்டும்.

பெட்டியில் அடுத்து எடுத்திருப்பது ஓர் ஓடியன் தட்டு. ஓடியன் இந்தியாவில் 1912 முதல் 1916 வரையும், பிறகு 1932 முதல் 1938 வரையும் தட்டு வெளியிட்டது. தனியார் சேகரிப்பாளர்களிடம் இருந்த ஓடியன் தட்டுகளை பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் கீழ் மும்பைக்காரர்கள் ஏற்கெனவே டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தட்டில் பூச்சி கைவைக்கவில்லை. எண் இரண்டும் முழுசாகப் படிக்கக் கிடைக்கிறது.